கடைசிக்கு முந்தியவன்

சைக்கிள் பந்தயத்தில் கடைசியாக வருகிறவருக்கு ஒரு மரியாதை உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அவருக்குப் பட்டப்பெயரே இருக்கிறது: சிவப்பு லாந்தர். ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் தொங்குமே, அந்த லாந்தர். 1903இல் அந்தப் பந்தயம் முதல்முறையாக நடந்தபோது 60 பேர் புறப்பட்டார்கள். 21 பேர்தான் பாரிஸ் வந்து சேர்ந்தார்கள். இருபத்தோராவதாக வந்தவர் ஆர்சென் மில்லோஷோ. முதலில் வந்த மோரிஸ் காரினுக்கும் அவருக்கும் இடைவெளி ஏறக்குறைய 65 மணி நேரம். அப்படி வந்தவரின் பெயரை இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறோம். இருபதாவதாக வந்தவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நான் அந்த இருபதாவது ஆளின் வம்சம். சென்னை ஈசிஆர் கடற்கரைச் சாலையில் நடந்த ஒரு 60 கிலோமீட்டர் பந்தயத்தில் கடைசிக்கு முந்திய ஆளாக வந்தேன். அந்த இடத்தைக்கூட நான் நேர்மையாகப் பிடிக்கவில்லை. என் மைத்துனர் அதை வீடியோ ஆதாரத்தோடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதால், என் தரப்பையும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

இத்தனைக்கும் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லி டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நடப்பதற்கு எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு அதில் ஆர்வம் வரவில்லை. பொருள் வாங்காமல் ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்கும் மனோதிடம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. யோகாவுக்கு விரிப்பு வாங்கினோம். சமைக்காமல் சாப்பிட ஜூஸ் பிழியும் மெஷின் வாங்கினோம். இந்த முறை ரோடு பைக்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதைச் சுற்றி வந்தார். “ஸ்டாண்டு எங்கடா?” என்றார். இல்லை என்றேன். கேரியர்? இல்லை. மட்கார்டு? இல்லை. பெல்? அதுவும் இல்லை. “இவ்வளவும் இல்லாததுக்கா இந்த விலை?” எடை குறைய வேண்டும் என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றத்தான் வேண்டும், கழற்றக் கழற்றத்தான் விலை ஏறும் என்று விளக்கினேன். எனக்கு விற்றவர் எனக்கு விளக்கியது அது. அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

எடை விஷயத்தில் நான் அடித்த கூத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதிப்படி பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒலிம்பிக் வீரர்களையும் டூர் வீரர்களையும் கட்டுப்படுத்த 2000ஆம் ஆண்டு வாக்கில் கொண்டுவந்த விதி. அது ஏதோ என்னையும் கட்டுப்படுத்தும் என்பது போல அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு என் வண்டியை இளைக்க வைக்கத் தொடங்கினேன். கார்பன் சீட் போஸ்ட், மெல்லிய டியூப், கடைசியில் புது வீல் ஒரு ஜோடி. அந்த வீல்களால் குறைந்தது 400 கிராம். விலையை மனைவியிடம் பாதியாகச் சொன்னேன். பாதியே அவருக்கு அதிகமாக இருந்தது. வீலை மாட்டிய மெக்கானிக் ஒருமுறை வண்டியைத் தூக்கிப் பார்த்தார், அடுத்து என் வயிற்றைப் பார்த்தார். “தப்பா நினைக்காதீங்க சார். ராத்திரிச் சாப்பாட்டை ஒரு வாரம் குறைச்சிருந்தா இது ஃப்ரீயாவே போயிருக்கும்” என்றார். அப்போது என் எடை 86 கிலோ. எந்தச் சங்கமும் அதற்கு விதி போடவில்லை.

அடுத்தது ஷூ. 1984இல் லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம், பனிச்சறுக்குக் கட்டையில் காலணியைப் பூட்டும் பொறியைச் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு வருஷம் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை ஜெயித்தார். அதன் பிறகு சாதாரணப் பெடலை மிதிக்கிற வீரர்கள் மெல்ல மெல்ல இல்லாமல் போனார்கள். ஷூவின் அடியில் உள்ள கிளீட் பெடலில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். திருப்ப வேண்டும் என்பது நினைவில் இருந்தால். நீலாங்கரை சிக்னலில் சிவப்பு விழுந்தது, நிறுத்தினேன், காலைத் திருப்ப மறந்தேன். ஓடுகிற வண்டியிலிருந்து விழுவதில் ஒரு வீரமாவது இருக்கிறது. நான் நிற்கிற வண்டியிலிருந்து, முழு நிதானத்தோடு, இடது பக்கமாகச் சாய்ந்து, வண்டியைக் காலோடு கட்டிக்கொண்டே தரையைச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாப்பில் பூக்கூடையோடு நின்ற அம்மா ஒருவர் ஓடிவந்து, “கால கீழ வெக்க வேண்டியதுதானே தம்பி?” என்றார். அதைவிடச் சரியான ஆலோசனையை இந்த விளையாட்டில் எனக்கு இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

இவ்வளவும் இருந்தும் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கிற தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், சனிக்கிழமைக் குழுவிலிருந்து. விடிவதற்கு முன்னால் கிளம்பி மாமல்லபுரம் பக்கம் போய், இட்லி சாப்பிட்டுத் திரும்பும் குழு. பதினைந்து இருபது பேர் ஒன்றாக ஓட்டும்போது என் கைபேசிச் செயலி 34, 35 என்று வேகம் காட்டும். அது என் வேகம் என்று நான் நம்பினேன். தனியாக ஓட்டினால் 27ஐத் தாண்டுவதில்லை என்பதை, தனியாக ஓட்டும்போது மனநிலை சரியில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் நடப்பது என்ன என்பது இப்போது தெரியும். சமதரையில் வேகமாக ஓட்டுகிறவனுக்குப் பெரிய எதிரி காற்றுதான். அதிலும் அதன் கணக்கு அநியாயமானது. வேகத்தை 30லிருந்து 40க்கு ஏற்றினால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் இரண்டு மடங்குக்கும் மேலான சக்தி வேண்டும். ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் அவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார். பின்னால் வருகிறவனுக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு வரை மிச்சம். பெரிய கூட்டத்தின் நடுவில் என்றால் இன்னும் சொகுசு. 2018இல் பெர்ட் பிளாக்கன் என்ற காற்றியக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் சோதித்தார்கள். கூட்டத்தின் உட்புறத்தில் இருப்பவர்மேல் படும் காற்றுத் தடை, தனியாக ஓட்டுகிறவருக்கு இருப்பதில் ஐந்திலிருந்து பத்து சதவீதம்தான் என்று கண்டார்கள். அதாவது சனிக்கிழமைகளில் என்னை ஓட்டிக்கொண்டு போனது மற்றவர்கள். நான் காலை ஆட்டிக்கொண்டு கூடவே போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

பேர் கொடுத்தேன். நுழைவுக் கட்டணத்தைக் கேள்விப்பட்ட அம்மா, “நீ ஓட்டுறதுக்கு அவங்க குடுக்கிறாங்களா, நீ குடுக்கிறியா?” என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

முந்தின நாள் இரவு செய்த தப்பு சாப்பாட்டில். பந்தயத்துக்கு முன்னால் மாவுச்சத்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று படித்திருந்தேன். அது சரியான தகவல். நம் உடம்பு தசையிலும் ஈரலிலும் சர்க்கரையைக் கிளைக்கோஜனாக 400, 500 கிராம் அளவுக்குச் சேர்த்து வைக்கும். கடுமையாக உழைத்தால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். சேர்த்து வைக்க ஓர் எல்லை இருக்கிறது என்ற வரியை மட்டும் நான் படிக்கவில்லை. இடியாப்பம், அதன்மேல் தேங்காய்ப்பால், அதன்மேல் மைத்துனர் வாங்கிவந்த பரோட்டா. மீதமெல்லாம் இடுப்பைச் சேரும் என்பது அவருக்கும் தெரியும் என்றுதான் இப்போது சந்தேகிக்கிறேன். விளைவாக, காலையில் மூன்றரைக்கு எழுந்தபோது வயிறு கல்லாக இருந்தது. எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை. காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வழியில் தின்பதற்குச் சட்டையின் முதுகுப் பையில் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் வைத்திருந்தேன். பந்தயச் சட்டைக்குப் பை முதுகில்தான். இடுப்புக்கு மேல் மூன்று அறைகள்.

இனிமேல் வருவதுதான் அன்றைய சரிவின் ஆணிவேர். பந்தய எண் அச்சிட்ட தாளை அந்த முதுகுப் பக்கம் நான்கு ஊக்கு வைத்துக் குத்திக்கொள்ள வேண்டும். கார் விளக்கு வெளிச்சத்தில் மைத்துனர் குத்தினார். குத்தச் சொன்னது நான், “ஆடாம அசையாம இருக்கணும், நல்லா ஆழமாக் குத்துங்க மாப்பிள்ளை” என்று சொன்னதும் நான். அவர் ஆழமாகவே குத்தினார். தாள், சட்டை, பை மூன்றையும் சேர்த்து. பையின் வாய் மூடிக்கொண்டது. அது அப்போது இருவருக்கும் தெரியாது.

முட்டுக்காடு பாலத்துக்குத் தெற்கே தொடக்கம். கல்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரை போய், யூ டர்ன் அடித்துத் திரும்பி வர வேண்டும். தை மாதம். வாடைக்காற்று வீசுகிற காலம், அதாவது போகும்போது காற்று முதுகில். இதையும் நான் யோசிக்கவில்லை. கொடி அசைந்ததும் எல்லோரும் பறந்தார்கள், நானும் பறந்தேன். கோவளம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. திருவிடந்தை கோபுரம் கண்ணில் பட்டு மறைந்தது. மீட்டரில் 38, சில இடத்தில் 40. கூட்டத்தின் வால் பக்கம் பத்திரமாக ஒளிந்துகொண்டிருந்த எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. இத்தனை நாள் இந்தத் திறமையை அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் வீணடித்துவிட்டோமே என்ற எண்ணம் நெம்மேலி பக்கத்தில் ஏற்பட்டது.

கூட்டமாக ஓட்டுவதற்கு ஒரு நாணயம் இருக்கிறது. முன்னால் காற்றை வாங்குகிறவர் கொஞ்ச நேரம் உழைத்துவிட்டு ஓரமாக ஒதுங்குவார். அடுத்தவர் முன்னால் போக வேண்டும். முழங்கையை லேசாக ஆட்டினால் ‘நீ வா’ என்று பொருள். அப்படி முன்னால் போய் உழைப்பதற்குப் பெயர் புல் போடுவது. எந்த மொழி பேசுகிற ஊரிலும் சைக்கிள்காரருக்கு இது புரியும். எனக்கும் புரியும். ஆனால் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, எங்கள் பகுதியில் பத்துப் பேர் மட்டும் மிஞ்சிய பிறகு, என் முறை நெருங்கும்போதெல்லாம் எனக்குப் பின் கியரில் ஏதோ சத்தம் கேட்டது. குனிந்து அதைக் கூர்ந்து பார்ப்பேன். அதற்குள் யாராவது பொறுமை இழந்து முன்னால் போய்விடுவார்கள். ஒருமுறை கடலைப் பார்த்தேன். சவுக்குத் தோப்புக்கு அப்பால் அன்று அது நன்றாகத்தான் இருந்தது.

கல்லூரிப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்தான். மூச்சு சீராக இருந்தது. “அங்கிள், நீங்களும் ஒரு புல் போடலாமே” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் அங்கிள் என்ற பிறகு அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரோஷம் வந்து முன்னால் போனேன். முதல்முறையாக அன்று என் முகத்தில் முழுக் காற்று அடித்தது, அதுவும் முதுகிலிருந்து வீசும் காற்றைக் கழித்த மீதம்தான். மீட்டர் 38லிருந்து 33க்கு இறங்கியது. பின்னால் பிரேக் பிடிக்கும் சத்தம், யாரோ கெட்ட வார்த்தை சொல்லும் சத்தம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அதே பையன் என்னைத் தாண்டிப் போய், “பரவால்ல அங்கிள், பின்னாடியே இருங்க” என்றான். இருந்தேன்.

கூட்டத்திலிருந்து நான் கழன்றது யூ டர்னில். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு திருப்பம்; கூட்டத்தின் வாலில் இருப்பவனுக்கு அது தூக்குமேடை. முன்னால் இருப்பவர்கள் திரும்பி எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கும்போது, வாலில் இருப்பவன் இன்னும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கிறான். அவன் திரும்பி நிமிர்வதற்குள் முன்னால் ஐம்பது மீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியை அடைக்க மற்றவர்களைவிட வேகமாக ஓட்ட வேண்டும். மற்றவர்களைவிட வேகமாக ஓட்ட முடிந்தவன் வாலில் ஏன் இருக்கப்போகிறான்? உயிரைக் கொடுத்து மிதித்தேன். ஐம்பது எழுபதாயிற்று, எழுபது நூறாயிற்று. கையில் இருந்த கிளைக்கோஜனின் பெரும்பகுதியை அந்த ஒரு கிலோமீட்டரில் செலவழித்திருப்பேன். பிறகு அவர்கள் வளைவில் மறைந்தார்கள்.

அப்போதுதான் வாடைக்காற்று என்னைத் தனியாகச் சந்தித்தது. விடியற்காலையில் லேசாக இருந்தது, வெயில் ஏறியதும் வலுத்துவிட்டிருந்தது. 22. அடுத்து 19. ஈசிஆரில் ஒரு மேடு கிடையாது, அதனால் சாக்கும் கிடையாது. பூஞ்சேரி தாண்டும்போது கை விரல்கள் நடுங்கின. சாளுவன்குப்பத்தில் புலிக்குகைக்கு வழிகாட்டும் பலகையை இரண்டு முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. சர்க்கரை தீர்ந்துவிட்டது. பெருமையோடு முதுகுப் பைக்குக் கையைக் கொண்டுபோனேன். கடலை மிட்டாய் துணிக்கு அடியில் தட்டுப்பட்டது, உருவம்கூடத் தெரிந்தது. எடுக்க வழியில்லை. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முதுகில் உள்ள ஊக்கைக் கழற்றும் வித்தை எனக்குத் தெரியாது. தாளைப் பிய்த்தால் பந்தயத்திலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று பயம். நிறுத்தினால் மறுபடி ஏறமாட்டேன் என்பது நிச்சயம்.

வடநெம்மேலி முதலைப் பண்ணை வந்தது. முதலை மாதக்கணக்கில் தின்னாமல் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு கிடக்கக் கூடிய பிராணி. ஐம்பது ரூபாய் மிட்டாய்க்காக நான் என் முதுகைப் பிறாண்டிக்கொண்டு அதன் வாசலைத் தாண்டிப் போனேன்.

சாலையை முழுதாக அடைத்திருக்கவில்லை. ஒரு பக்கம் உள்ளூர் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மீன் பெட்டி கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று என்னைத் தாண்டியது. பெட்டி அகலம். எனக்கு முன்னால் காற்று சட்டென்று அடங்கியது. யோசித்துச் செய்யவில்லை என்று சொல்ல ஆசைதான், யோசித்துத்தான் செய்தேன். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டேன். வாகனத்தின் பின்னால் ஒளிந்து ஓட்டுவது இந்த மாதிரிச் சாலைப் பந்தயத்தில் குற்றம். 1904 டூர் டி பிரான்ஸில் ரயிலில் ஏறினார்கள், காரைப் பயன்படுத்தினார்கள் என்றெல்லாம் புகார் எழுந்து, முதல் நான்கு இடங்களில் வந்தவர்களையும் மாதங்கள் கழித்து நீக்கினார்கள். அந்த நால்வரில் காரினும் ஒருவர். ஐந்தாவதாக வந்திருந்த 19 வயது ஆன்ரி கோர்னேயை வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். அவர்களாவது முதலிடத்துக்காகச் செய்தார்கள்.

மீன்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

“இன்னா சார், பிரேக்கு கிரேக்கு புட்டுக்கிச்சா? பின்னாடியே வர்றே?”

“இல்லண்ணா. ரேஸ்.”

அவர் முன்னால் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“மத்தவங்கல்லாம்?”

“போய்ட்டாங்க.”

“அப்போ நீ இன்னாத்துக்கு ஓட்றே?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்துவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கிப் போய்விட்டார். மீன் வாசனை மட்டும் கொஞ்ச தூரம் துணைக்கு வந்தது.

அதற்குள் பின்னாலிருந்து வேறொரு வண்டிச் சத்தம். முடியாதவர்களை அள்ளிக்கொண்டு வரும் டெம்போ. டூரில் இதற்கு 1910 முதல் ஒரு வண்டி உண்டு, துடைப்பம் கட்டிக்கொண்டு வரும், பெருக்கிக்கொண்டு வருகிறதாம். அந்த டெம்போவுக்கு முன்னால் பெரியவர் ஒருவர் ஓட்டி வந்தார். எழுபதை நெருங்கும் வயசு. இரும்பு ஃபிரேம் வண்டி, என்னுடையதைப் போல ஒன்றரை மடங்கு எடை இருக்கும். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ. கிளீட் இல்லை. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. நாற்பது வருஷமாக ஆபீஸுக்கு அப்படித்தான் ஓட்டியிருப்பார் போல.

என் பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்தார். “சாப்ட்டீங்களா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். ஹேண்டில்பாரில் தொங்கிய துணிப் பையிலிருந்து எள்ளுருண்டை இரண்டை எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “காத்து ஜாஸ்தியா இருக்கு. என் பின்னாடி ஒட்டிக்குங்க தம்பி” என்றார்.

ஒட்டிக்கொண்டேன். திருவிடந்தையிலிருந்து கோவளம், கோவளத்திலிருந்து முடிவுக்கோடு வரை. ஒருமுறை முழங்கையை ஆட்டினாரா என்றால், இல்லை. ஆட்டியிருந்தாலும் எனக்கு அப்போது கியரில் சத்தம் கேட்டிருக்கும். சர்க்கரை மெதுவாக ரத்தத்தில் ஏறியது. கண் தெளிந்தது. அவர் முதுகில் வியர்வை பரவுவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

கடைசி முந்நூறு மீட்டரில் ஆட்கள் தெரிந்தார்கள். தடுப்புக்குப் பக்கத்தில் மனைவி, பையன், கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி மைத்துனர். பையன் “அப்பா!” என்று கத்தினான். அடுத்து நடந்ததை நான் விளக்கப் போவதில்லை, வீடியோ இருக்கிறது. அதில் வயதான மனிதர் ஒருவர் அமைதியாக ஓட்டி வருகிறார். அவருக்குப் பின்னாலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, எண்பத்தாறு கிலோ மனிதன் ஒருவன் எழுந்து நின்று மிதித்து அவரைத் தாண்டி, கோட்டைக் கடந்ததும் ஒரு கையை உயர்த்துகிறான். பின்னணியில் மைத்துனரின் சிரிப்புச் சத்தம். அதை அவர் மெதுவாக ஓடும்படியும் ஒரு பதிப்பு செய்து வைத்திருக்கிறார்.

பெரியவர் கோட்டைத் தொட்டதும் ஒலிபெருக்கியில், “இன்றைய கடைசி வீரர்!” என்று அறிவித்தார்கள். கூட்டம் எழுந்து கைதட்டியது. அந்தக் கல்லூரிப் பையன் ஓடிப்போய் அவர் வண்டியைப் பிடித்தான். போட்டோ எடுத்தார்கள். நான் அப்போது வாழைப்பழம் கொடுக்கும் வரிசையில், ஊக்கைக் கழற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அவரே வந்து கழற்றிவிட்டார். “கடைசியில நல்லா இழுத்தீங்க தம்பி” என்றார். அதில் துளி கிண்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடலை மிட்டாயை நீட்டினேன். பல் சரியில்லை என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை செயலியில் என் ஓட்டத்தை ஏற்றி, தலைப்பில் ‘கடும் எதிர்காற்று’ என்று போட்டேன். வேக வரைபடத்தில் ஓரிடத்தில் 19லிருந்து திடீரென்று 36க்குப் போய் மறுபடி 19க்கு வருவதைக் குழு நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, அங்கே என்ன நடந்தது என்று கேட்டிருந்தார். இறக்கம் என்று பதில் போட்டேன். வடநெம்மேலியில் இறக்கம். குழுவில் இன்றுவரை அந்த ஊருக்கு மலைவாசஸ்தலம் என்றுதான் பெயர்.

சர்க்கரை கொஞ்சம் குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார். நடக்கிறீர்களா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அதே சாலை, வாடைக்காற்று வீசும் அதே காலம். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அதற்கு வருவதாக இருந்தால், ஆறடிக்கு மேல் உயரமும் நல்ல அகலமும் உடையவராக இருந்தால், தயவுசெய்து எனக்கு முன்னால் ஓட்டுங்கள். எள்ளுருண்டை நான் கொண்டுவருகிறேன். ஊக்கை மட்டும் நீங்கள் குத்திவிட வேண்டும், பையை விட்டுவிட்டு.